ஓர் இசைத்தட்டும் அதன் விமர்சகர்களும்: ஜோய் டிவிஷன் குழுவின் முதலாக்கம் கேட்கப்பட்ட வரலாறு

1979ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆந் திகதி, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலே இயங்கிய பக்டரி என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம், ஜோய் டிவிஷன் என்ற நால்வர் கொண்ட றொக் இசைக்குழுவின் முதலாவது நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ என்பது அதன் பெயர். ‘அறியப்படாத இன்பங்கள்’ எனப் பொருள் கொள்ளலாம். முதற் பதிப்பு 10,000 பிரதிகள். அட்டையின் முகப்பிலே குழுவின் பெயரும் இல்லை, இசைத்தட்டின் பெயரும் இல்லை. அவ்வாண்டின் பொது விற்பனைப் பட்டியலிலே அது இடம்பெறவுமில்லை. பதினொரு மாதங்களின் பின்னர், 1980 மே 18ஆந் திகதி, குழுவின் பாடகர் இயன் கேர்ட்டிஸ் தமது இருபத்துமூன்றாவது வயதிலே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்ற் மாதத்திலே அவ்விசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 71ஆம் இடத்தை எட்டியது.

இந்த இடைக்காலத்திலே இசைத்தட்டிலுள்ள ஒரு சுரமேனும் மாறவில்லை. மாறியது அதனைக் கேட்ட முறை. முதலில் ஒரு நகரத்தின் ஒலியாகக் கேட்கப்பட்ட ஆக்கம், பின்னர் ஒரு தனிமனிதரின் மரணசாசனமாகக் கேட்கப்படலாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு விமர்சகர்கள் எவ்வளவு தூரம் பொறுப்பாளிகள் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே ஆங்கில றொக் இசை பற்றி எழுதுவது ஏன் என்று கேட்கப்படலாம். விமர்சனத்தின் வரலாறு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே எனது விடை. தியோடர் அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதியபோது அதனைத் தரப்படுத்தப்பட்ட சரக்காகவே கண்டார். சரக்கு என்பது மெய். ஆனால் சரக்காக இருப்பதால் ஒரு பொருள் வரலாற்றுச் சான்றாகாது போய்விடுவதில்லை. மான்செஸ்ரரின் பருத்தித் துணியும் சரக்குத்தான்.

அந்நகரம் மார்க்சிய வாசகருக்குப் புதியதன்று. 1842இலே இளைஞர் ஏங்கெல்ஸ், தந்தையார் பங்காளியாயிருந்த பருத்தி ஆலையில் பணிபுரிவதற்காக மான்செஸ்ரருக்கு வந்தார். ஆலை அடுத்துள்ள சோல்போட்டிலே இருந்தது. அங்கு கண்டவற்றைக் கொண்டு அவர் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூல் 1845இல் வெளிவந்தது. அதற்கு முன்னர், 1819இலே, புனித பீற்றர் திடலிற் கூடிய மக்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்ட பீற்றர்லூப் படுகொலையும் இந்நகரிலேயே நிகழ்ந்தது. அத்திடலின் மீதே பின்னர் ஆலை முதலாளிகளின் சுதந்திர வர்த்தகக் கோட்பாட்டின் வெற்றிச் சின்னமாகச் ‘சுதந்திர வர்த்தக மண்டபம்’ எழுந்தது. அதன் சிறிய அரங்கிலேதான், 1976 யூன் 4ஆந் திகதி, செக்ஸ் பிஸ்ரல்ஸ் என்னும் இலண்டன் குழு விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டத்தின் முன் இசை நிகழ்த்தியது. பார்வையாளருள் சோல்போட் இளைஞர் இருவர் இருந்தனர்: பேணாட் சம்னர், பீற்றர் ஹூக். முறையான இசைப்பயிற்சி அற்றவரும் குழு அமைக்கலாம் என்ற துணிவோடு அவர்கள் வெளியேறினர். இயன் கேர்ட்டிஸும் ஸ்ரீபன் மொறிஸும் பின்னர் சேர்ந்துகொண்டனர். இவ்விருவரும் மான்செஸ்ரரைச் சேர்ந்தவர்கள் அல்லர். தெற்கேயுள்ள பழைய பட்டு நெசவு நகரமான மக்கிள்ஸ்பீல்டைச் சேர்ந்தவர்கள். ‘மான்செஸ்ரரின் குரல்’ என்று பின்னாளிற் கொண்டாடப்பட்ட குரல் உண்மையில் மக்கிள்ஸ்பீல்டிலிருந்து புகைவண்டியேறி வந்த குரலே. விமர்சகர்கள் இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

நால்வரும் தொழில் செய்து பிழைத்தவர்கள். ஹூக் மான்செஸ்ரர் கப்பற் கால்வாய்க் கம்பனியிலே எழுதுவினைஞராக இருந்தார். சம்னர் கேலிச்சித்திரப் படங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றிலே பணிபுரிந்தார். கேர்ட்டிஸின் தொழில் எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. அவர் மக்கிள்ஸ்பீல்டின் அரச வேலைவாய்ப்பு அலுவலகத்திலே, உடற்குறைபாடுடையோருக்கு வேலை தேடிக் கொடுக்கும் பிரிவில் உதவி உத்தியோகத்தராக இருந்தார். வேலையின்மை அவருக்குச் செய்தித்தாளிற் படித்த விடயமன்று. நாள்தோறும் மேசைக்கு எதிரே வந்தமர்ந்த மனிதர்களின் முகம் அது.

பக்டரி என்ற பெயரின் தோற்றம் பற்றியும் ஒரு கதை உண்டு. நிறுவனர்களுள் ஒருவரான அலன் எராஸ்மஸ், தொழிற்சாலையொன்று மூடப்பட்டு அதன் பொருள்கள் விற்றொழிக்கப்படுவதை அறிவித்த பலகையைப் பார்த்து அப்பெயரைத் தெரிந்தார் என்பர். தொழிற்சாலைகள் மூடப்படும் ஊரிலே ஒரு தொழிற்சாலையையாவது திறப்போம் என்ற கசப்பான வேடிக்கை அதில் உண்டு. மற்றைய நிறுவனர் ரொனி வில்சன் கிரனடா தொலைக்காட்சியின் அறிவிப்பாளர். இசைத்தட்டின் செலவிற் பெரும்பங்கை அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து இட்டார். 8,500 பவுண் என்று கூறப்படுகிறது. இலாபத்திற் பாதி இசைக்கலைஞருக்கு, பாதி நிறுவனத்துக்கு. படைப்பின் உரிமை கலைஞரிடமே இருக்கும். பெருங் கம்பனிகளின் ஒப்பந்தங்களோடு ஒப்பிடுகையில் இது பெரிய மாற்றமே.

‘சுயாதீன இசை’ என்ற தொடர், சுருக்கமாக ‘இண்டி’, இக்காலத்திலேதான் வழக்குப் பெற்றது. இன்று அது ஒருவகை ஒலியை, ஏன், ஒருவகை உடையைக்கூடக் குறிக்கிறது. தொடக்கத்தில் அது உற்பத்தி உறவொன்றையே குறித்தது. 1977 ஜனவரியிலே பஸ்கொக்ஸ் என்ற மான்செஸ்ரர்க் குழு, நண்பரிடமும் குடும்பத்தாரிடமும் கடனாகப் பெற்ற 500 பவுணைக் கொண்டு 1,000 பிரதிகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டு வழிகாட்டியது. இலண்டனின் றவ் ரிறேட் போன்ற கடைகள் இத்தகைய இசைத்தட்டுகளை ஊரூராக விநியோகித்தன. 1980 ஜனவரியில் சுயாதீன இசைத்தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது, எந்த இசைத்தட்டு அதில் இடம்பெறலாம் என்பதற்கான அளவுகோல் விநியோகமாகவே இருந்தது: பெருங் கம்பனிகளின் வலைப்பின்னலுக்கு வெளியே விநியோகிக்கப்பட்டதா, இல்லையா? சந்தா சேர்த்து, அச்சுக்கூடத்தில் கடன் சொல்லி, பிரதிகளைக் கையிலெடுத்துச் சென்று விற்ற நமது சிறுசஞ்சிகைக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சுயாதீனத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இசைத்தட்டு சுயாதீனமாக உற்பத்தியாகலாம். அதன் மதிப்பை நிர்ணயித்த பத்திரிகைகள் அவ்வாறு இல்லை. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’ ஆகிய இரு முன்னணி வாரப் பத்திரிகைகளும் ஐ.பி.சி. என்ற ஒரே பெரும் பதிப்பகத்தின் உடைமைகள். இடதுசாரிச் சிந்தனையுடைய இளம் எழுத்தாளர் பலர் அவற்றில் எழுதினர் என்பது உண்மை. எனினும் விளம்பர வருவாயும் விற்பனையுமே அப்பத்திரிகைகளின் மூச்சு என்பதை மறந்துவிடலாகாது.

1979 யூலையில் மதிப்புரைகள் வந்தன. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழிலே மக்ஸ் பெல் அதனை ஆங்கில றொக் இசையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் டோர்ஸ் குழு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வெளியிட்ட ‘ஸ்ரேஞ்ச் டேய்ஸ்’ இசைத்தட்டோடு ஒப்பிட்டார். இது முன்னோரைத் தேடும் விமர்சனம். புதிய படைப்பைக் கண்டதும் அதற்கொரு பரம்பரை வகுத்துக் கொடுப்பது விமர்சகரின் பழைய வழக்கம்; பயனுடையதேயெனினும் இங்கு அது அதிகம் விளக்கவில்லை.

‘மெலடி மேக்கர்’ இதழிலே ஜோன் சவேஜ் எழுதியதே வரலாற்று முக்கியத்துவம் உடையது. இசையின் வட்டமிடும் அமைப்பையும், ஒலிகளுக்கிடையே விடப்பட்ட வெளியையும், மான்செஸ்ரரின் இருண்ட, வெறுமையான இடங்களோடு அவர் இணைத்துக் காட்டினார். அவர் அவ்வாண்டின் வசந்த காலத்திலேதான் தொலைக்காட்சிப் பணியின் பொருட்டு இலண்டனிலிருந்து மான்செஸ்ரருக்குக் குடிவந்தவர். புதிதாய் வந்தவரின் கண்ணுக்கே நகரின் வெறுமை அவ்வளவு கூர்மையாகத் தெரிந்தது. ஏங்கெல்ஸும் வெளியூரவராகவே வந்தார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது; ஊரவருக்குப் பழகிப்போன காட்சியை வந்தவரே காட்சியாகக் காண்கிறார்.

சவேஜின் நோக்குக்கு ஆதாரம் இல்லாமலில்லை. மான்செஸ்ரரின் மேற்கேயுள்ள திரபோட் பார்க் தொழில் வலயத்திலே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏறத்தாழ 75,000 பேர் வேலை செய்தனர். 1970களுக்குள் அவ்வேலைகளுட் பெரும்பாலானவை அற்றுப்போயின. சோல்போட் துறைமுகம் தேய்ந்து, 1982இலே மூடப்பட்டது. பழைய தொழிலாளர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, மக்கள் கொங்கிறீற்று மாடித்தொடர்களுக்கு அனுப்பப்பட்டனர். 1972இற் கட்டிமுடிக்கப்பட்ட ஹியூம் குடியிருப்பு இவற்றுட் பேர்போனது. பக்டரியின் தொடக்ககால இசை நிகழ்ச்சிகள் நடைபெற்ற மண்டபமும் ஹியூமிலேயே இருந்தது. தாம் வளர்ந்த தெரு முழுவதும் அழிக்கப்பட்டதையும், ஒன்பது வயதளவு வரை ஒரு மரத்தைக்கூடக் கண்ட நினைவில்லை என்பதையும் சம்னர் பிற்காலத்திலே கூறியுள்ளார். ஆயினும் இத்தகைய வாக்குமூலங்களைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பல்லாண்டுகளாக விமர்சகர் சொல்லிவந்ததைக் கலைஞரே தம் நினைவாகத் திருப்பிச் சொல்வதும் உண்டு.

நகரத்தின் வெறுமை இசைத்தட்டிலே எவ்வாறு நுழைந்தது? இயந்திரப் பாங்கான பிரதிபலிப்புக் கோட்பாடு இக்கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடும்: அடித்தளம் இடிந்தது, மேற்கட்டுமானம் அழுதது என்று. விடை ஒலிப்பதிவுக் கூடத்திலே இருக்கிறது. 1979 ஏப்பிரலில் ஸ்ரொக்போட் நகரின் ஸ்ரோபெறிக் கூடத்திலே பதிவை நெறிப்படுத்தியவர் மாட்டின் ஹனெற், இரசாயனம் பயின்றவர். அவர் ட்ரம்ஸ் வாத்தியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மற்றதன் ஒலி கலவாதபடி தனித்தனியே பதியச் செய்தார். ஒலியைத் தாமதித்துத் திருப்பும் புதிய இலக்கக் கருவியைப் பயன்படுத்தினார். கட்டடத்தின் மின்னுயர்த்தி எழுப்பிய ஓசையும், கண்ணாடி நொறுங்கும் ஓசையும் இசைத்தட்டிலே சேர்ந்தன. மேடையில் உரத்தும் விரைந்தும் இசைத்த குழு, கூடத்திலே ஒருவரையொருவர் விட்டு விலகியவர்கள் போல ஒலித்தது. ஹூக்கும் சம்னரும் இதனை விரும்பவில்லை. தமது வேகமும் சினமும் பறிக்கப்பட்டதாகவே பல்லாண்டுகள் முறையிட்டனர். ஒரு கைவினைஞனின் முழுமையான செயலைத் துண்டுகளாக்கி, பின்னர் வேறொருவரின் மேற்பார்வையிற் பொருத்துவது ஆலைத் தொழிலின் அடிப்படை முறை. தாம் செய்த பொருள் தமக்கே அந்நியமாய் நின்றதென அக்கலைஞர்கள் உணர்ந்தனர். இவ்வொப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. எனினும் 1979இன் விமர்சகர் ‘வெறுமை’ எனக் கேட்டது பாடல் வரிகளிலன்றி இந்தத் தொழின்முறையிலேயே பெரிதும் தங்கியிருந்தது என்பது எனது துணிபு. உள்ளடக்கத்தையே தேடிப் பழகிய நமது விமர்சனத்துக்கு உருவமும் சமூகத்தின் பிள்ளைதான் என்பதை இவ்வுதாரணம் நினைவூட்டும்.

முற்போக்கு விமர்சகர் சிலர் இக்குழுவைக் கண்டித்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஜோய் டிவிஷன் என்ற பெயர், நாஸி வதைமுகாம்களிலே பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பிரிவுக்கு ஒரு நாவலில் இடப்பட்ட பெயர். 1978இல் வெளிவந்த அவர்களது முதற் சிறு இசைத்தட்டின் அட்டையிலே ஹிட்லர் இளைஞர் அணிச் சிறுவனொருவனின் உருவம் இருந்தது. தேசிய முன்னணி என்ற இனவாதக் கட்சி பிரித்தானிய நகரங்களிலே ஊர்வலம் போன காலம் அது. 1976 முதல் ‘இனவாதத்துக்கெதிரான றொக்’ இயக்கம் அதற்கெதிராக இசையைத் திரட்டிக்கொண்டிருந்தது. குழுவினர் நாஸி ஆதரவாளர் அல்லர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிர்ச்சிக்காக அதிர்ச்சியைத் தேடியது பொறுப்பற்ற செயல், கண்டனம் நியாயமானது. 1980 மே மாதத்தின் பின்னர் அக்கண்டனம் ஏறத்தாழ அடங்கிப்போயிற்று. இறந்தவரிடம் கேள்வி கேட்க எவரும் விரும்பவில்லை.

மரணத்தின் பின் நிகழ்ந்தது விமர்சனமன்று, புனிதராக்கம். ‘சவுண்ட்ஸ்’ வாரப் பத்திரிகையின் இரங்கலுரை, கேர்ட்டிஸ் கேட்போருக்காகவே இறந்தார் என்னும் பாங்கிலே, மதநூற் சாயலோடு முடிந்தது. 1980 யூலையில் இரண்டாவது நெடுநேர இசைத்தட்டு ‘குளோசர்’ வெளிவந்தது. அதன் அட்டையிலே இத்தாலியின் ஜெனோவா நகர்க் கல்லறையொன்றின் ஒளிப்படம். அப்படம் மரணத்துக்கு முன்னரே தெரியப்பட்டது. ஆயினும் வாங்கியோர் அதனை நினைவுச் சின்னமாகவே கண்டனர். இந்த ஒளியில் முதல் இசைத்தட்டும் மீண்டும் கேட்கப்பட்டது. ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பாயிற்று. காரணகாரியத் தொடர்பு பின்னிருந்து முன்னோக்கி ஓடலாயிற்று.

ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘ஷீஸ் லொஸ்ற் கொன்ரோல்’ என்ற பாடல் தன்வசமிழக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கேர்ட்டிஸுக்கு 1979 ஜனவரியிலே வலிப்பு நோய் கண்டறியப்பட்டமையால், இது அவர் தம்மைத் தாமே பாடிய பாடல் என்ற வாசிப்பு பரவிவிட்டது. உண்மையில் அதன் தூண்டுதல், அவரது அலுவலகத்துக்கு வேலை தேடி வந்த, வலிப்பு நோயுடைய ஓர் இளம் பெண். சிலகாலம் அவர் வரவில்லை. வேலை கிடைத்துவிட்டது போலும் என்று கேர்ட்டிஸ் எண்ணினார். பின்னரே, வலிப்பினால் அவர் இறந்துவிட்டார் எனத் தெரிந்தது. அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம், நோயுற்ற ஓர் உழைப்பாளி, மேசையின் மறுபுறத்தே ஒரு கீழ்நிலை உத்தியோகத்தர்: இம்மூன்றும் சேர்ந்த பாடலை ஒரு கவிஞனின் உள்மனப் புலம்பலாகச் சுருக்கியதுதான் தனிமனிதவாத விமர்சனத்தின் சாதனை. கவிஞர் பிறருடைய துன்பத்தைப் பார்த்து எழுதக்கூடும் என்ற எளிய உண்மையைக்கூட அது ஏற்கவில்லை. கேர்ட்டிஸின் சொந்த நோய் பாடலிற் கலந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கலந்திருந்தாலும் அந்தப் பெண் அங்கேயே இருக்கிறார்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அது நம்மவர் செய்யக்கூடிய தவறு. இவ்விசைத்தட்டைத் தட்சர் ஆட்சிக்கெதிரான குரலாகக் கூறும் எழுத்துகள் பலவுள. தட்சர் வெற்றி பெற்ற தேர்தல் 1979 மே 3ஆந் திகதி நடைபெற்றது. ஒலிப்பதிவு அதற்கு முந்திய ஏப்பிரலில், தொழிற்கட்சி ஆட்சியின் இறுதி நாள்களில் நடந்தது. 1976இலே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற்றுச் சமூகச் செலவை வெட்டியதும் அத்தொழிற்கட்சி அரசே. 1978–79 மாரிகால வேலைநிறுத்தங்களும் அதற்கெதிராகவே எழுந்தன. இசைத்தட்டிலே ஒலிக்கும் சிதைவு ஒரு கட்சியின் வருகைக்கு முந்தியது. மேலும், கேர்ட்டிஸ் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே வாக்களித்தவர் என்பதை அவருடைய மனைவி டெபோரா 1995இல் வெளியிட்ட நூலிலே பதிவு செய்துள்ளார். முற்போக்காளருக்கு இது சங்கடமாக இருக்கலாம், இருக்கத் தேவையில்லை. 1888 ஏப்பிரலில் மாகிரட் ஹாக்னஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்திலே, மன்னராட்சிப் பற்றாளரான பல்ஸாக் தமது அரசியற் சார்பையும் மீறிச் சமூக மெய்ம்மையைச் சித்திரித்தமையை ஏங்கெல்ஸ் விளக்கியிருக்கிறார். கேர்ட்டிஸ் பல்ஸாக் அல்லர். ஆனாலும் படைப்பாளியின் வாக்குச் சீட்டையும் படைப்பையும் ஒன்றெனக் கொள்ளும் விமர்சனத்துக்கு எதிராக அக்கடிதம் இன்றும் பயன்படும்.

பிற்கால விமர்சகருள் மாக் பிஷர் இவ்விரு தவறுகளையும் பெரிதும் தவிர்த்தார். 2014இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியிலே அவர் 1979–80ஐ ஒரு வாசலாகக் காண்கிறார்: சமூக சனநாயகமும் பேரளவுத் தொழிலுற்பத்தியும் சார்ந்த உலகம் முடிந்து, வேறொன்று தொடங்கும் வாசல். மனச்சோர்வைத் தனிமனிதரின் உடற்கூற்றுக் கோளாறாக மட்டும் காணாது, அதன் அரசியலைக் கேட்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். நகர வாசிப்பையும் மரண வாசிப்பையும் இணைக்க முயன்ற சிந்தனை இது. ஆனால் பின்னர் வரவிருந்த காலத்தை இசைத்தட்டு முன்கூட்டியே அறிந்திருந்தது என்பது போன்ற தொனி அவரிடமும் உண்டு. முன்னறிவிப்பு என்ற மயக்கத்திலிருந்து மார்க்சியரும் எளிதில் விடுபடுவதில்லை.

நகர வாசிப்பு அழிந்துவிடவும் இல்லை, அது விலைப்பட்டது. பக்டரி 1992இல் முறிந்தது. அது 1982இலே திறந்த ஹசியெண்டா நடன மண்டபம் 1997இல் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டது. அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பீற்றர்லூத் திடலின் சுதந்திர வர்த்தக மண்டபம் 2004 முதல் ஆடம்பர விடுதி. 2002, 2007ஆம் ஆண்டுகளிலே திரைப்படங்கள் வந்தன. 2007இன் ஆவணப்படத்துக்கு எழுத்துப் பங்களித்தவர் ஜோன் சவேஜ். ஒருகாலத்திலே நகரின் வெறுமையை முதன்முதற் கேட்டவரே, அவ்வெறுமை மரபுரிமையாக மாறும் வேளையில் அதன் ஆவணக் காப்பாளராகவும் ஆனார். அவரது நேர்மையை நான் ஐயுறவில்லை. மூலதனம் இடிபாட்டையும் விற்கும். அவ்விடிபாட்டைப் பற்றிய நல்ல விமர்சனம் அதற்குத் தடையாவதில்லை.

அட்டைப்படத்தின் கதையும் இதுவே. கறுப்புப் பின்னணியிலே மலைத்தொடர் போன்ற வெண்கோடுகள்: பல்சார் என்னும் துடிப்பு விண்மீனிலிருந்து வந்த வானொலித் துடிப்புகளின் வரைபடம் அது. அவ்விண்மீனை 1967இலே கேம்பிறிஜில் முதலிற் கண்டவர் ஆய்வு மாணவியான ஜோசலின் பெல். அக்கண்டுபிடிப்புக்கான 1974ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. வரைபடம் ஹரல்ட் கிராப்ட் என்பவரின் 1970ஆம் ஆண்டுக் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு வானியற் கலைக்களஞ்சியத்துக்குச் சென்றது. கலைக்களஞ்சியத்திலிருந்து பீற்றர் சவில் வடிவமைத்த அட்டைக்கு வந்தது. இன்று அது உலகெங்கும் மேற்சட்டைகளில் அச்சாகிறது. 2012இலே டிஸ்னி நிறுவனம் அதனை மிக்கி எலியின் உருவமாக மாற்றி விற்பனைக்கு விட்டு, சர்ச்சை எழுந்ததும் மீளப் பெற்றது.

1979இன் மதிப்புரைகள் முதல் அண்மைக்கால நூல்கள் வரை ஜோசலின் பெல்லின் பெயரை இப்போது பலர் குறிப்பிடுகின்றனர். மக்கிள்ஸ்பீல்டு அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்த அந்த இளம் பெண்ணின் பெயரை, நான் படித்தவற்றுள் எதிலும் காணவில்லை.